தாய்மீன் அறையின் சாவி

அன்று காலை தாய்மீன் அறையில் இருந்தவர்கள்: மீன் பண்ணைக்குச் சொந்தக்காரியான அக்கா, அக்காவின் புருஷன், முட்டையை வெளியே வரவைக்கும் ஊசி போட வந்த மீன் மருத்துவர், மீன்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கை. பிறகு, ஈரத் துணியில் சுற்றி மேசைமேல் கிடத்தியிருந்த ஒரு தாய்மீன். வாயைத் திறந்து திறந்து மூடியும் யாரையும் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

மருத்துவர் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். காற்றுப் போன பை மாதிரி அமுங்கியது.

"முட்டை உள்ளேயே கரைஞ்சு போச்சும்மா. இனிமே ஊசி போட்டும் பிரயோஜனமில்ல."

"நான் சொன்னேன்ல, உன் தங்கச்சிக்குக் கைராசி இல்லன்னு," என்றார் அத்தான்.

ஒரு மாதமாக அவர் பாடும் பாட்டு இது. இத்தனை நாள் வீட்டு ஆணியில் தொங்கிய அறைச் சாவியை அக்காவும் நேற்றே இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டை வராவிட்டால் அறையும் சாவியும் இனி அத்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

மீனைச் சுற்றிய துணியில் தங்கை தண்ணீரைத் தெளித்தாள். கைராசியாம். இவை பகல் குறுகும் பருவத்தில் முட்டையிடும் மீன்கள். பகல் சுருங்குவதை மூளை உணர்ந்து, தனக்கு அடியில் தொங்கும் குட்டிச் சுரப்பிக்குச் சொல்லும். சுரப்பி இரத்தத்தில் ஹார்மோனை விடும். அது போய் முட்டைப்பையைத் தட்டி எழுப்பும். அந்த மூளையை ஏமாற்றத்தான் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, விளக்குக்கு டைமர். வாராவாரம் வெளிச்ச நேரத்தைக் குறைத்து, கொளுத்தும் கோடையிலேயே குளிர்காலத்தை வரவழைத்திருந்தாள். வயிறுகளும் நன்றாகத்தான் உப்பிக்கொண்டு வந்தன. நடுவில் எந்தச் சனியன் புகுந்தது?

"டைமர் அணைஞ்ச பிறகு இங்க வெளிச்சம் விழுதா?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஒரு பொட்டுகூட விழாது சார்," என்றாள் தங்கை.

அவர் கை துடைக்கத் துணி கேட்டார். மூலையில் இருந்த தீவன மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்ட தங்கை அப்படியே நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். ஒரு தலையணை. ஒயர் சுற்றிய பல்பு. பழைய பேப்பர்கள். கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடி. இவள்தான் எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று ஒரு வாரமாக அத்தான் வீட்டை இரண்டாக்கிய அதே கண்ணாடி.

"இது யாரோடது அத்தான்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "ராத்திரியில வீட்டுல வெக்கை தாங்கல. இங்க ஜில்லுனு இருக்கு. படுத்துக்கிட்டு பேப்பர் படிப்பேன். சின்ன பல்புதானே. கூசினா மீன் கண்ண மூடிக்க வேண்டியதுதானே."

"மீனுக்கு ஏது இமை?" என்றாள் தங்கை. "மண்டை வழியாவே வெளிச்சம் மூளைக்குப் போகும். நீங்க பேப்பர் படிச்சீங்க. அதுங்க பகல் திரும்ப நீளுதுன்னு நினைச்சு முட்டைய கரைச்சிடுச்சு."

"சரி விடுடீ," என்றாள் அக்கா. "தெரியாம செஞ்சுட்டாரு."

"சரி, பல்பு போட்டது தெரியாமத்தான். ஒரு மாசமா என் கைய குறை சொன்னாரே, அதுவும் தெரியாமலா? வெளிச்சத்தைப் பத்தி சார் கேட்டப்ப வாயத் திறந்தாரா?"

அக்கா தலையணையைக் காலால் ஓரம் தள்ளினாள். மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மருத்துவர் பின்னால் இருந்த தொட்டியில் குனிந்து பார்த்தார். "இதுல இருக்கற மீனுங்களுக்கு முட்டை இளசு. இன்னும் கெடல. இனிமே இருட்டு கலையாம இருந்தா தேறும்."

தங்கை கையை நீட்டினாள். "சாவி யாருக்கு? இப்பவே சொல்லிடு. அவருக்குன்னா நான் கெளம்பறேன்."

அக்கா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து இறுக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"அதுக்கென்ன," என்றார் அத்தான் தாராளமாக. "இனிமே பல்பு போடல. இருட்டுலயே படுத்துக்கறேன்."

அக்கா சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். மருத்துவரை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தங்கை தாய்மீனைத் தொட்டியில் விட்டாள். தலையணையைத் தூக்கி அத்தானின் மார்பில் திணித்தாள்.

"கண்ணாடியையும் எடுத்துக்குங்க. அப்புறம் நான் தொலைச்சேன்னு சொல்லுவீங்க."

அவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.