நாவாந்துறைக்குச் சுட்டவர்

பெனடிக்ற் லண்டனில் சுட்ட சன்னங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில், நாவாந்துறையில், அவருடைய அக்கா அஞ்சலீனாவின் வளவுக்குள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வெயில் தணிகிற வேளையில், ஒவ்வொன்றாக, பழுத்த வேப்பம்பழம் விழுகிற சத்தத்தோடு விழுந்தன. எவருக்கும் காயமில்லை. ஒரு பேட்டுக்கோழி வெருண்டு கொஞ்சக்காலம் முட்டையிடாமல் இருந்தது, அவ்வளவுதான் நட்டம்.

பெனடிக்ற்றுக்கு இது நெடுநாள் தெரியாது. அவர் எண்பத்துநாலாம் ஆண்டு அக்காவிடம் ஒரு சொல்லுச் சொல்லாமல் கப்பலேறியவர். தாய் செத்தபின் அவரைத் தூக்கி வளர்த்தவள் அஞ்சலீனா. தம்பி போய்விட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தனக்குத் தம்பி இல்லையென்று சந்தையில் நின்று அறிவித்தாள். பிறகு அவர் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. லண்டனில், மோர்டன் பக்கம், அவர் மனைவி எமில்டாவோடு குடியிருந்து, ரயில் பெட்டி கழுவும் வேலை பார்த்தார். கூட வேலை செய்த நோர்மன் என்ற வெள்ளைக்காரர், பாலத்து வளைவுக்குள் இயங்கிய துப்பாக்கி சுடும் சங்கமொன்றின் செயலாளர். எண்பத்தெட்டில் ஒருநாள் அவரையும் அங்கே கூட்டிப்போனார். காதை மூடிக்கொண்டு நிற்கலாம், ஊரில் என்ன புதினம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெனடிக்ற்றுக்கு லண்டனில் முதன்முதலாகப் பிடித்துப்போன இடம் அதுதான்.

தொண்ணூற்றொன்றில் சொந்தமாக ஒரு றிவோல்வர் வாங்கினார். கட்டைக் குழாய், ஐந்து தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குரிய தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு இல்லாததால், நிலாக் கிளிப் என்கிற மெல்லிய உருக்கு வளையத்தில் ஐந்தையும் கொழுவித்தான் உருளைக்குள் போடவேண்டும். ஐந்தும் ஒன்றாகப் போகும், சுட்டு முடிந்தால் ஐந்து வெற்றுக்கோதும் ஒன்றாக வெளியே வரும். வளையம் மயிரிழை வளைந்தாலும் உருளை முரண்டு பிடித்துச் சுழலாது. சங்கத்தில் நீளக் குழாய்த் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பொம்பிளைகளின் கைப்பைச் சாமான் என்று நக்கலடித்தார்கள். அனுமதி கொடுக்குமுன் வீடு பார்க்க வந்த பொலிஸ்காரர், சுவரில் பூட்டியிருந்த இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்துவிட்டு, எமில்டா பொரித்த றோல்ஸை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விஷயம் தமிழர்கள் கூடிவாழும் கோலியர்ஸ் வுட் வரைக்கும் பரவியது. அதுவரை பெனடிக்ற்றைக் கண்டும் காணாமலும் போனவர்கள் அண்ணை என்றார்கள். பங்குக் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் அவர் இருமினால்கூடத் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆனால் அவர் சுட்டால் இலக்குத் தாளில் ஓட்டை விழாது. சுட்டு முடிந்து இழுத்துப் பார்த்தால் தாள் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். நோர்மன் முதலில் கண்ணாடியை மாற்றச் சொன்னார், பிறகு விசையை மெதுவாக இழுக்கச் சொன்னார், கடைசியில் தானே அந்த றிவோல்வரை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். நடுவில் அழகாக ஓட்டை விழுந்தது. ஆகவே பிழை பெனடிக்ற்றிடம்தான் என்று சங்கம் முடிவுசெய்து, மார்கழி மாதத்து நத்தார் விருந்தில் மிக மோசமான குறிகாரருக்கான கோப்பையை ஆண்டுதோறும் அவருக்கே கொடுத்தது. ஞாயிறு பூசைக்கு வராததற்குக் கடவுள் கொடுக்கிற தண்டனை இது என்றார் பங்குத்தந்தை. எமில்டா கோப்பைக்குள் கறிவேப்பிலைக் கன்று நட்டாள்.

தொண்ணூற்றுமூன்றில் நாவாந்துறையிலிருந்து சிவமலர் என்ற பெண் அகதியாக வந்து கோலியர்ஸ் வுட்டில் தங்கினாள். அஞ்சலீனாவின் வேலிக்கு அடுத்த வேலி அவளுடையது. ஒரு பிறந்தநாள் வீட்டில் பெனடிக்ற்றைக் கண்டு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"ஞாயிறெண்டால் உங்கட அக்கான்ர வளவுக்குள்ள ஈயம் விழும் அண்ணை. அஞ்சஞ்சாய் விழும். வலைக்குக் கட்ட ஈயம் கிடையாத நேரம், அவா பொறுக்கித் துறையில குடுக்கிறவா."

பெனடிக்ற் கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தார். "அக்கா என்ன சொல்லுறவா?"

"கதைக்க முகமில்லாத நாய் கல்லெறியுது எண்டு சொல்லுவா."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது. அவர் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து, மிச்சக் கேக்கையும் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அவர் தோட்டாவின் நுனியில் ஈயத்துக்குப் பதிலாகப் பனடோல் வில்லைகளை வைத்துச் சுட்டார். ஊருக்குள் மருந்து போகத் தடையிருந்த காலம். வில்லைகள் உடையாமல், புகை மணம்கூட இல்லாமல் போய் விழுந்தன. பிறகு நெருப்புக்குச்சி, தையலூசி, சைக்கிள் ரியூப் வால்வு என்று குழாய்க்குள் அடங்கிய எல்லாம் போயிற்று. அஞ்சலீனா நன்றி சொல்கிற ஆளில்லை, ஆனால் சும்மா வாங்குகிற ஆளுமில்லை. சாமான் விழுந்த குழிக்குள் அவள் எதையாவது போட்டு மூடினால், அடுத்த ஞாயிறு பெனடிக்ற் உருளையைத் திறக்கும்போது அது வெற்றுக்கோதுகளுக்குள் இருந்தது. ஒரு கோதில் மிளகு இருக்கும், இன்னொன்றில் கருவாட்டுத் துண்டு, சிலவேளை கடல் மண். வளையத்தில் ஐந்தும் கோத்தபடியே வருவதால் ஒன்றும் சிந்தாது. ஒருமுறை ஐந்து கோதுக்குள்ளும் கோழிப்பீ இருந்தது. அது அக்காவின் பிறந்தநாளை அவர் மறந்ததற்கு. சங்கத்தில் கருவாட்டு மணம் தாங்காமல் இரண்டுபேர் விலகிப்போனார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு வெளியேறியது. அடுத்த ஞாயிறு கோதுகள் வெறுமையாக வந்தன. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்க அவர் பனியில் நடந்துபோய்ச் சுட்டார், திறந்தார், முகர்ந்தார். வெடிமருந்துப் புகை மட்டும் மணத்தது. எமில்டா அந்த மாதங்களில் அவரோடு ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. பங்குனியில் ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடமொன்றில் ஒருவன் சின்னப்பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான். அந்தச் செய்தியைப் பார்த்த பெனடிக்ற் இரண்டு ஞாயிறு அலுமாரியைத் திறக்கவே இல்லை. மூன்றாவது ஞாயிறு எமில்டாதான் அலுமாரித் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். கோடை வந்தபோது ஒரு கோதுக்குள் பாலைப்பழக் கொட்டை கிடந்தது. பாலை வன்னிக் காட்டு மரம். சுட்டது அக்காவைத் தேடி அங்கே போயிருக்கிறது, அவள் உயிரோடு இருக்கிறாள். அவர் அந்தக் கொட்டையை வாய்க்குள் போட்டுக்கொண்டு வீடுவரை பஸ்ஸில் வந்தார்.

கைத்துப்பாக்கிகளை எல்லாம் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. தவணை தொண்ணூற்றேழு செப்டெம்பர் கடைசி நாள். சங்கத்தில் பலர் கொதித்தார்கள். பெனடிக்ற் கொதிக்கவில்லை, அந்தப் பிள்ளைகளை நினைத்தால் சட்டம் சரிதான் என்று நோர்மனுக்கே சொன்னார். வீட்டுக்கு வந்துதான் அலுமாரி பூட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் எமில்டா. "இவ்வளவு காலமும் சாமான் அனுப்பினியள். ஆளைக் கூப்பிட ஏலாதோ?"

"அந்தப் பொந்துக்குள்ளால ஆள் வருமே?"

"கருவாடு வருதெண்டால் மச்சாளும் வருவா. நீங்கள் கேட்டால்தானே."

கடைசி ஞாயிறு அவர் பேசுவதற்காகக் குழாயைத் தன் பக்கம் திருப்பவில்லை, அது சங்க விதிக்கு மாறு. உருளையைத் திறந்து வைத்து, வெறும் துளைகளுக்குள் வாய் வைத்துப் பேசினார். "அக்கா, நான் சொல்லாமல் வந்தது பிழை. சொன்னால் விடமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை. இப்ப கேக்கிறன், இஞ்ச வாறியளோ?" பக்கத்தில் நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். வளையத்தைப் போட்டு ஐந்தும் சுட்டார். உருளையைத் திறந்து, கோதுகளை வெளியே தள்ளும் தண்டை அமத்தினார். ஐந்து வெற்றுக்கோதுகளும், அவற்றின் பின்னால் அஞ்சலீனாவும் வெளியே வந்தார்கள். அறுபதை நெருங்கிய மனுசி, ஒரு காலில் மட்டும் செருப்பு, கையில் உரப்பை. சுற்றிப் பார்த்தாள். தம்பியின் வழுக்கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பனடோல், பனடோல் எண்டு அனுப்பினியே," என்றாள். "ஒரு சவர்க்காரம் அனுப்பத் தெரியேல்லையே உனக்கு?"

"அது குழாய்க்குள்ள போகாதக்கா."

"நான் வந்தனான்தானே."

விருந்தினர் வருவதை முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும் என்றார் நோர்மன். பிறகு தேநீர் போட்டுக் கொடுத்தார். மறுநாள் பெனடிக்ற் றிவோல்வரையும் வளையங்களையும் பொலிஸில் கொடுத்துவிட்டு, அக்காவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

குளிர் தொடங்கியபின் அஞ்சலீனாவைக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அகதி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் சிவானந்தன் அனுபவசாலி. எந்த வழியாக இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"தம்பி சுட்டவன், நான் வந்தனான்," என்றாள் அஞ்சலீனா.

சிவானந்தன் தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். அந்தக் கதிரையில் இருந்தவர்கள் சொன்ன எத்தனையோ வழிகளை அவர் கேட்டிருக்கிறார். பிறகு ஏதோ கேட்டார்.

"பெரிய சத்தமோ எண்டு கேக்கிறார், அம்மா."

"காதடைச்சுப் போச்சு எண்டு சொல்லுங்கோ. இப்பவும் இடது காது கொஞ்சம் மந்தம்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு தன் கதிரையை அவளுடைய வலது பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்.