ஆமுனின் சாவு பீர்

எங்கள் பள்ளத்தாக்கில் டாக்டர் கைவிரித்த அன்றே அடுப்பில் பீர்க் கொப்பரை ஏறிவிடும். புதைத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்த வீட்டு பீரைத்தான் ஊற்ற வேண்டும். படுக்கையில் கிடப்பவரே முதலில் ருசி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். என் கணவர் ஆமுனுக்குப் பத்து நாள் கெடு வைத்தார் டாக்டர். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் அவர்தான் காய்ச்சினார். இந்த முறை நான் காய்ச்சினேன்.

நான்காம் நாள் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதட்டில் பட்டதுமே போர்வையில் துப்பினார்.

“என்னடி இது, கிடா மூத்திரமா?”

“கொஞ்சம் புளிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா...”

“விட்டா இன்னும் நாறும். என்னைக் குழியில இறக்கிட்டு வர்றவங்களுக்கு இதையா ஊத்துவே? இதைக் குடிச்சுத்தான் நான் செத்தேன்னு பேசிக்குவாங்க.”

அவர் எதிரில் சிரித்துவிட்டு, சமையலறைக்கு வந்து அழுதேன்.

கோளாறு ஈஸ்ட்டில். போன கிறிஸ்துமஸ் பீரின் அடியில் படிந்த ஈஸ்ட்டை வழக்கம்போல வைக்கோல் வளையத்தில் தடவி, காயவைத்து, பரணில் மாட்டியிருந்தோம். கூரை ஒழுகியதை யார் கவனித்தார்கள்? எடுத்து மோந்து பார்த்தால் வளையமே ஆட்டுத் தொழுவம் மாதிரி நாறியது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்க வீட்டுக்காரர்கள் எல்லோரும் கடை ஈஸ்ட்டுக்கு மாறிவிட்டார்கள். அதில் காய்ச்சிய பீரில் ரொட்டி வாசனை அடிக்கும், ஆமுன் தொடமாட்டார். நல்ல ஈஸ்ட் மிச்சம் இருந்தது ஒரே வீட்டில், ஏரிக்கு அக்கரையில் அவர் தம்பி தூரேயிடம்.

அந்த வாசலை நாங்கள் மிதித்துப் பதினோரு வருஷம். காற்று பலமாக இருக்கிறது, போகாதே என்று ஊரே சொன்ன ஒரு நாளில் தூரே படகை எடுத்தான். எங்கள் ஒரே மகன் எய்ரிக்கையும் கூட்டிக்கொண்டு போனான். எய்ரிக்குக்கு அப்போது பத்தொன்பது வயது. தூரே நீந்திக் கரையேறினான். எய்ரிக்கை மூன்றாம் நாள் வலை போட்டு எடுத்தோம்.

ஆனாலும் போனேன். தூரேதான் கதவைத் திறந்தான்.

“ஈஸ்ட் வேணும். உங்க அண்ணனுக்குச் சாவு பீர்” என்றேன்.

உள்ளே போய் ஒரு வளையத்தைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

“இது உங்க வீட்டுதுதான் அண்ணி. எய்ரிக் பொறந்தப்போ அண்ணன்கிட்ட வாங்கினது. கெட்டுப்போகாம காப்பாத்திட்டு வர்றேன்.”

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டதும் ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. காப்பாற்றினானாம்! வளையத்தை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.

கொப்பரையைத் தேய்த்தேன், இன்னொரு பீப்பாயை ஜூனிப்பர் தழை போட்டுக் கொதித்த தண்ணீரில் இரண்டு தடவை அலசினேன், மறுபடி காய்ச்சினேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை. ஆமுன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார்.

“இது நம்ம வீட்டு பீர்.”

“ஆமா.”

“நம்ம வளையம்தான் நாறிப்போச்சே?” கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “அவன்கிட்டயா போனே?”

கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“கொட்டு.”

“என்னங்க, ஊரே வரும்...”

“வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்து. என் பிள்ளையைக் கொன்னவன் வீட்டு ஈஸ்ட்ல எனக்கு ஒண்ணும் வேணாம். என் காதுல விழற மாதிரி கொட்டு.”

பன்றிகளுக்கு என்று வைத்திருந்த அந்தப் புளித்த பீப்பாயை உருட்டி வந்து, அவர் ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்தேன். சாகப்போகிற மனிதரை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. அதற்காக நல்ல பீரைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

“கொட்டிட்டியா?”

“கொட்டிட்டேன்.”

அவர் மூக்கு விடைத்தது.

“ஜன்னலைச் சாத்து. கிடா நாத்தம் தாங்கல.”

கொக்கியில் கை வைத்தபடி உறைந்து நின்றேன். எதைக் கொட்டினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

புதைத்துவிட்டு வந்தவர்கள் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்கள். ஆமுன் காய்ச்சியதிலேயே இதுதான் உசத்தி என்றான் ஒருவன், நான் காய்ச்சியது தெரியாமல். அப்போது தூரே வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கிண்ணம் நிறைய மொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துப் பாதிரியார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்? ஆமுன் பதினோரு வருஷமும் கத்தித் தீர்த்தார். என் கோபம் அப்படியே இருக்கிறது.

தூரே ஒரு வாய் குடித்தான். கண் கலங்கியது.

“நல்லா வந்திருக்கு அண்ணி.”

“எய்ரிக்குக்கு இந்த ருசிதான் பிடிக்கும்” என்றேன்.

அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனான்.

“குடி” என்றேன். கிண்ணம் காலியாகும்வரை அவன் எதிரிலேயே நின்றேன்.