சுவருக்குள் ஒரு கட்டில்

என் புருஷன் நினியனுக்கு எழுபத்து நாலு வயதில் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை தோறும் நான் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போவேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கீழ் அறையின் சன்னல் சாத்தப்படுகிறது. பட்டப்பகலில்! திரும்பி வந்தால் அவன் கம்பளிச் சட்டையெல்லாம் மரத்தூள். கேட்டால், "பழைய வீடு, கொட்டத்தான் செய்யும்" என்கிறான்.

பழைய வீடுதான். 1611இல் உப்பு வியாபாரி ஒருவன் கட்டியது. நாலடி கனத்துக்குக் கல் சுவர், மாடிக்கு ஒரே ஒரு சுழல் படிக்கட்டு, பிடித்து ஏற ஒரு கயிறு. பின்னால் வந்த வக்கீல் ஒருவன் கல்லைப் பார்க்கச் சகிக்காமல் கீழ் அறை முழுக்கப் பைன் பலகை அடித்து மூடினான். இத்தனை வருஷம் கொட்டாத தூள் இப்போது மட்டும் ஏன் கொட்டுகிறது?

இன்னொன்று. படுக்கப் போகும்போதெல்லாம், "நீ முன்னால போ கிரிசல், கதவப் பூட்டிட்டு வரேன்" என்பான். ஒரு கதவைப் பூட்டக் கால் மணி நேரமா?

போன வியாழன் ஆர்கன் வாசிப்பவருக்குச் சளி. சீக்கிரமே திரும்பிவிட்டேன். வாசலில் நீல வேன். ரோனா மதீசனுடையது. தச்சு வேலைக்காரி, விதவை, ஐம்பத்திரண்டு வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கீழ் அறை உள்ளே தாழிட்டிருந்தது. கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துக் கதவை இடித்தேன்.

"நினியன்! தொற!"

குசுகுசுப்பு. பிறகு ரோனா திறந்தாள். வக்கீலின் பலகைகளில் நாலு, அலமாரிக் கதவு போலத் திறந்து கிடந்தன. உள்ளே, அந்தக் காலத்து ஆட்கள் குளிருக்குப் பயந்து சாத்திக்கொண்டு படுத்த சுவர்க்கட்டில். புது மெத்தை. ஒரே ஒரு தலையணை.

"ஓஹோ! என்கூடப் படுக்கப் பிடிக்கலயா? இல்ல, இவளுக்காகவா இது?"

"எனக்கா?" ரோனா சிரித்தாள். "அம்மாடி, எனக்கு என் நாய் ஒண்ணே போதும்."

நினியன் சிரிக்கவில்லை. "படி ஏற முடியல, கிரிசல். ஜனவரிலேருந்து தவழ்ந்துதான் ஏறுறேன். நீ பாக்கக் கூடாதுன்னுதான் ஒன்ன முன்னால அனுப்புறது."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வீட்ட வித்துட்டுப் படி இல்லாத வீட்டுக்குப் போலாம்னுவ. நீதான எப்பவும் சொல்லுவ. நான் இங்க பொறந்தவன்."

சொன்னேன்தான். போன வாரம்கூடச் சொன்னேன். நாலு மாதமாக அவன் ஒவ்வொரு படியாகத் தவழ்ந்திருக்கிறான். நான் மேலே சொகுசாகப் படுத்துக்கொண்டு அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பாவி நான்.

"ரோனா, இத இன்னும் அகலமாக்க முடியுமா?"

"முடியாது. ரெண்டு பக்கமும் கல்லு."

காலணியைக் கழற்றிவிட்டு, ஈரக் கோட்டோடு ஏறி, சுவர்ப் பக்கமாக ஒடுங்கிப் படுத்தேன். கால் பலகையில் இடித்தது.

"மாடிய எலிங்க வச்சுக்கட்டும்" என்றேன். "என்ன நின்னு பாக்குற? வந்து படு. எடம் பத்துதான்னு பாப்போம்."