வலப்பக்கக் கண்ணாடி

மூடுபனி கடலிலிருந்து எழுந்து வந்து, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் உலாவிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணி. ஆனால் அமெரிக்காவின் ஆரெகன் கரையில் ஜூலை மாதத்துப் பனி கடிகாரம் பார்த்தா இறங்குகிறது? கொரின் ஹாகன் தன் நாற்பத்திரண்டு அடி வீட்டுவண்டியை, அப்படிப்பட்ட வண்டிகள் வந்து தங்கும் முகாமின் வளைவுச் சாலையில் நடைவேகத்தில் நகர்த்திக்கொண்டு வந்தாள். அந்த உயரமான இருக்கையிலிருந்து சாலை தெரியவே இல்லை. மரங்கள்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. வண்டி ஓட்டுகிற நினைப்பே அவளுக்கு இல்லை. தூக்கத்தில் வீடு தானாகவே நகர்ந்து போவது போல இருந்தது.

வீடுதானே அது. நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்று நாலு வருடமாகிறது. கட்டில், அடுப்பு, கொரினின் தையல் மிஷின், அவள் கணவன் டேரலின் தூண்டில்கள் எல்லாம் இந்தச் சக்கரங்களின் மேல்தான். நாலு வருடமும் டேரல்தான் ஓட்டினான். இந்த மார்ச் மாதத்தில் ஒரு காலை, காப்பிக் கோப்பையை மேசைமேல் வைப்பதாக நினைத்து மேசைக்குப் பக்கத்தில் காற்றில் வைத்தான். சின்ன ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். கைகால் தப்பித்தது, ஆனால் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். "வலது ஓரம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்" என்றான் டேரல்.

ஓமஹாவில் இருந்த மகன் கெவின் கீழ்த்தள அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, வண்டியை விற்றுவிட்டு வரச் சொன்னான். நல்ல பையன், நல்ல அறை. ஆனால் அதன் ஜன்னலில் என்றைக்கும் ஒரே வேலிதான் தெரியும். கொரினுக்கு அந்த வேலி வேண்டாம். அறுபத்தாறு வயதில் தினம் ஒரு ஜன்னல் பார்த்துப் பழகியவளிடம் போய் வேலியைக் காட்டினால்? மூடிக் கிடந்த ஒரு கடைத்தெருவின் வாகன மைதானத்தில் மூன்று மாதம் ஓட்டிப் பழகினாள். நேர் சாலையில் யாரும் ஓட்டிவிடலாம். முடுக்கில் பின்னோக்கி ஏற்றி நிறுத்துவதுதான் சோதனை. இன்று காலை சாப்பிடும்போது இருவரும் பேசி முடிவு செய்தார்கள். முகாமில் அவர்களுக்கு ஒதுக்கிய இருபத்தேழாம் இடத்தில் கீறல் இல்லாமல் ஏற்றிவிட்டால் இந்த வாழ்க்கை தொடரும். இல்லையென்றால் ஓமஹா.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ், கோல்ஃப் வண்டியில் எதிரே வந்து நிறுத்தினாள்.

"பின்னால கட்டியிழுத்த காரை அவுத்துட்டீங்களா கொரின்?"

"கேட்லயே அவுத்தாச்சு."

"நல்லதாப் போச்சு. காலையில ஒரு மகராசன் அவுக்காம ரிவர்ஸ் எடுத்து, காரும் வண்டியும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி நின்னுச்சு. அவர் பொண்டாட்டி இன்னும் அவரோட பேசல."

இருபத்தேழுக்கு எதிரே மடக்கு நாற்காலிகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. வீட்டுவண்டிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன சினிமா? யாராவது பெரிய வண்டியோடு வந்தால் போதும், பீரும் நாயுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஹார்லன் நடுநாயகமாக வீற்றிருந்தான்.

"டேரல், நீ ஏன் இந்தப் பக்கமா இறங்கறே? வண்டி யாரு, பேயா ஓட்டுது?"

"பேய் இல்லப்பா. என் பொண்டாட்டி."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு என் வீட்டுக்காரி கேக்கறா!"

எல்லோரும் சிரித்தார்கள், கொரினும் சிரித்தாள். கேலி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் ஜாடை மட்டும் காட்டக் கூடாது. அது அந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம். வண்டிக்குப் பின்னால் நின்று கைகாட்டுவது கணவனுக்கோ மனைவிக்கோ மட்டுமே உரிய வேலை. நடுவில் இன்னொருவர் கை வந்தால், தெரியாத்தனமாகப் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டதைப் போல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

டேரல் மஞ்சள் மழைக்கோட்டோடு பின்னால் போய், ஓட்டுநர் இருக்கும் இடப்பக்க மூலையில் நின்றான். நாலு வருடம் அவள் நின்ற இடம். மழையிலும் கொசுக்கடியிலும் நின்று அவள் கைகாட்டியது அங்கிருந்துதான். வீட்டுவண்டிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். வேறு இடத்தில் நிற்கலாம் என்ற எண்ணம்கூட யாருக்கும் வராது.

வழியும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. இடம் சாலைக்கு இடப்பக்கம், இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே. எதிர்ச்சாரியிலும் ஒரு மரம், முன்மூக்கு வீசும்போது மோதத் தயாராக. இத்தனைக்கும் மேலே டேக் ஆக்சில் வேறு. ஓட்டுச் சக்கரங்களுக்குப் பின்னால், பாரம் தாங்குவதற்காக வைத்த இன்னொரு ஜோடி சக்கரம் அது. நெடுஞ்சாலையில் தெய்வம், முடுக்கில் சனியன். திருப்பினால் திரும்பமாட்டேன் என்று தரையைப் பிடித்துக்கொள்ளும். கொரின் விசையை அழுத்தினாள். காற்று புஸ்ஸென்று இறங்க, அந்தச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. இப்போது வண்டி சொன்னபடி திரும்பும். ஆனால் வால் முன்னைவிட அகலமாக வீசும்.

ரிவர்ஸ் போட்டாள். பின்கேமராவின் திரையில் பனித்துளிகள்தான் தெரிந்தன. அவளுக்கு இருந்தது இடப்பக்கக் கண்ணாடி மட்டும், அதில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. டேரலின் இரண்டு கைகளும் 'வா, வா' என்றன. அவள் போனாள்.

மரங்கள் முன்னோக்கி நடந்தன. உலகமே அவளை விட்டு மெல்ல விலகிப் போவது போலவும், கண்ணாடிக்குள் இருக்கும் அந்த மஞ்சள் மட்டும் அவளைக் கூப்பிடுவது போலவும் இருந்தது. எஞ்சின் பின்கோடியில் இருப்பதால் சத்தம்கூடத் தூரத்தில்தான் கேட்டது. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் சுற்றியது. தனக்கு இது பிடித்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு வருடம் பின்னாலேயே நின்றுவிட்டோமே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. 'வா, வா' என்றன கைகள்.

திடீரென்று நாற்காலிப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்றது. எதிரே பார்த்தாள். ஹார்லன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை, கையைத் தூக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்ததோடு சரி. கொரின் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் ஓடினாள்.

வண்டியின் வலது பின்மூலைக்கும் மரத்தின் முறிந்த கிளைக்கும் இடையே நாலு விரல்கடை இருந்தது. அவள் இடுப்பளவு தடிமனான கிளை. அது கண்ணாடி ஜன்னலுக்கு நேரே நின்றது. ஜன்னலுக்கு உள்ளே அவர்களுடைய கட்டில்.

டேரல் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"டேரல்."

"ஏன் நிறுத்திட்டே? எடம் தாராளமா இருக்கே."

"அந்தப் பக்கம் திரும்பிப் பாரு."

அவன் தலையை முழுதாகத் திருப்பினான். கிளை அவனுக்குத் தெரிந்தபோது, காற்றில் நின்ற கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"கொஞ்சம் மங்கல்னு சொன்னியே!"

"மங்கல் இல்ல கொரி." அவன் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "இருட்டுகூட இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல. பாதி உலகத்தை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. சொன்னா நீ போதும்னு சொல்லிருவே, ஓமஹாவுக்குப் போலாம்னு சொல்லிருவேன்னு பயமா இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நியாயமான கோபம்தான், யாராக இருந்தாலும் வரும்.

"உன் கையை நம்பித்தான் நான் கண்ணு தெரியாம பின்னால வந்துட்டு இருக்கேன். நீயே தெரியாமதான் வா வாங்கறேன்னா எப்படி? ஓட்டத் தெரியலைன்னா சரி, கத்துக்கலாம். பொய் சொல்லிட்டு நின்னா நான் யாரை நம்பறது?"

அதற்குள் ஹார்லன் சாலையைத் தாண்டி வந்துவிட்டான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த மனிதனா இத்தனை கேலி பேசினான் என்கிற அளவுக்குத் தயங்கினான்.

"தப்பா நினைக்காதீங்க. வேணும்னா... நான் பின்னால நிக்கட்டுமா?"

"நிக்கட்டும் கொரி" என்றான் டேரல். மழைக்கோட்டின் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தான். "அவர் நிக்கட்டும். நான் போய் உள்ள உக்காந்துக்கறேன்."

சரி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் வண்டி உள்ளே போயிருக்கும். கொரினுக்கும் அது தெரியும். ஆனால் இன்று உள்ளே போய் உட்காருகிறவன் நாளைக்கும் அடுத்த ஊரிலும் அங்கேதான் உட்காருவான். எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்கு அது கெவின் வீட்டு அறையாகத்தான் இருக்கும். அவள் மரத்தைப் பார்த்தாள், வண்டியின் இரண்டு பக்கங்களையும் பார்த்தாள், பிறகு டேரலின் முகத்தைப் பார்த்தாள்.

"பொத்தானைப் போடு."

"கொரி..."

"போடுன்னேன்ல. ரொம்ப தேங்க்ஸ் ஹார்லன், வேண்டாம். டேரல், உனக்கு இடப்பக்கம் நல்லாத் தெரியுதா?"

"ஊசி விழுந்தாத் தெரியும்."

"அப்ப ஏன் வண்டியைத் தெரியாத பக்கமா வச்சுக்கிட்டு நிக்கறே? அந்தப் பக்கம் போய் நில்லு, மரத்தடியில. வண்டி உன் இடக்கைப் பக்கம் வரும். இந்தப் பக்கத்து மரத்தை என் கண்ணாடியிலயே நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பக்கம் யாரும் நிக்கமாட்டாங்களே" என்றான் ஹார்லன், தன்னையறியாமல்.

"இனிமே நிப்பாங்க."

வண்டியை முன்னே எடுத்தாள். மறுபடி ரிவர்ஸ். இந்த முறை அவள் கண் வலப்பக்கக் கண்ணாடிக்குப் போனது. இருக்கையிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும் கண்ணாடி. அதில் உருவங்கள் சின்னதாக, இன்னொரு ஊரில் நடப்பது போலத் தெரிந்தன. முதலில் பனி மட்டும் இருந்தது. அவள் காத்திருந்தாள். பனிக்குள் மெல்ல ஒரு மஞ்சள் கரைந்து கலங்கி, கோட்டாகி, டேரலாகியது. அவன் கைகள் உயர்ந்தன.

இப்போது அவன் 'வா, வா' என்று அடித்துக்கொள்ளவில்லை. ஒரு கை மேலே கிளையைக் காட்டியது, இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக அவளை அழைத்தது. இடப்பக்கம் ஒரு பார்வை, மரம் ஒரு முழம் தள்ளி இருந்தது. வலப்பக்கம் ஒரு பார்வை, டேரல் இருந்தான். வால் வீசியது. வீசுகிறது என்று அவள் உடம்புக்கே தெரிந்தது. கை நின்றது, அவளும் நின்றாள். கை பக்கவாட்டில் அசைந்தது, அவள் ஸ்டியரிங்கை மாற்றிச் சுற்றினாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று அவளால் சொல்ல முடியாது. கடல் எங்கோ ஒரு பக்கம் முணுமுணுத்தது. அவர்கள் இருவரும் தண்ணீருக்கடியில் பேசிக்கொள்வது போல இருந்தது. கிளை ஜன்னலைத் தொடாமல், கூரையோரம் ஒரு ஊசியிலை மட்டும் உரசி, முன்னால் நகர்ந்து போனது.

டேரல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாக வைத்தான். போதும், நிறுத்து.

அவள் டேக் சக்கரங்களை இறக்கினாள். வண்டி பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தது. எஞ்சினை அணைத்தாள். எதிர்ச்சாரியில் யாரோ கை தட்டினார்கள், ஹார்லனின் நாய் குரைத்தது.

அவள் இறங்கி வந்தபோது டேரல் இன்னும் கைகளை இறக்கவில்லை. கண்கள் நிறைந்திருந்தன. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

"நிறுத்திட்டேன், கையை இறக்கு."

"நல்லாப் பாத்துத்தான் சொன்னேன் கொரி. இந்தத் தடவை நல்லாப் பாத்தேன்."

"தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்கு வலப்பக்கமாக நடப்பவள். சர்ச்சில், கடைத்தெருவில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மார்ச்சுக்குப் பிறகு இந்த நாலு மாதமும்கூட அப்படித்தான். அந்த நாலு மாதமும் பக்கத்தில் நடந்தும் அவன் கண்ணில் அவள் படவே இல்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கால் தானாக அந்தப் பக்கம் போகப் பார்த்தது. அவள் நின்று, அவன் முதுகைச் சுற்றிப் போய், இடப்பக்கம் வந்து நின்றாள்.

அவன் தலையைத் திருப்பாமலே அவளைப் பார்த்தான்.