ஷட்டவுன் ஆகும்வரை

எனக்குப் பொறாமை உண்டு. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அடுத்தவள் வீடு, அடுத்தவள் நகை, அடுத்தவள் பிள்ளையின் மார்க், இதற்கெல்லாம் நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. என் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அது மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம், முதல் மாடியில், செயற்கைப் பல் செய்கிற லேப் இருக்கிறது. அவருக்கு அங்கேதான் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அதைத் திரையில் வைத்துக்கொண்டு, இல்லாத பல்லை இவர் வரைவார். வாயை மூடும்போது மேல்பல் கீழ்ப்பல்லை எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்பதெல்லாம் இவர் பொறுப்பு. மறுநாள் காலையில் ஒரு மெஷின் அந்தப் படத்தின்படி பல்லைக் கடைந்து தரும். கடைந்த பல்லுக்கு நிறம் பூசிச் சூளையில் வைத்து எடுக்க ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் நன்றாகத்தான் இருக்கும். நான் வைத்த பெயர் பூச்சுக்காரி.

சும்மா சொல்லக் கூடாது, கைதேர்ந்த வேலைக்காரி. அவள் நிறம் பூசிய பல்லையும் சொந்தப் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் லேபில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் இவரும் அவளும் மட்டும் நிற்பார்கள். அவளுடைய சூளை ஆற வேண்டும், இவருடைய கம்ப்யூட்டர் அணைய வேண்டும், அதற்குப் பிறகுதான் மெயின் சுவிட்சை அணைக்கலாம். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று பேசுவது என் கடையிலிருந்து பளிச்சென்று தெரியும். பேச்சு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. அவள் ஏதோ சொல்வாள், இவருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். மறுபடி குனிவேன், மறுபடி நிமிர்வேன். எந்தத் திருகாணி எந்தப் பெட்டியுடையது என்பதே மறந்துபோகும்.

ஏன் லேட்டு என்று கேட்டால் கம்ப்யூட்டர் அணைய நேரமாச்சு என்பார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவளிடம் வந்து சொல்கிற சாக்கைப் பாருங்கள். எனக்குக் காதில் புகை வரும்.

லேபின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் என்னிடம்தான் இருந்தது. அடுத்த முறை தூசி தட்டப் போனபோது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் செய்ததெல்லாம் நேர்மையான வேலைதான். எதற்கென்று தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை எடுத்தேன், பழைய பிரிண்டருடைய மிச்சசொச்சத்தைத் துடைத்தேன். அதிலேயே கொஞ்ச நேரம் மிச்சமானது. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

எனக்கு அது போதவில்லை. அணையச் சொன்னதும் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடாது. திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் கூப்பிட்டு, வேலையை முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கலாம். முடிக்காவிட்டால் கேட்காமலே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு என்றும் உத்தரவு போடலாம். என் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பூட்டிக்கொண்டு கிளம்பச் சௌகரியம். ஆனால் எந்த மெஷினிலும் இதைத் தொடுவதற்கு முன், அது எதற்காக நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் நானே வாய் ஓயாமல் சொல்வது இது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. எதற்காக என்றுதான் எனக்குத் தெரியுமே. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து பல்லுக்குச் சாயம் பூசுகிறாளே, அவளுக்காக.

இரண்டு வகை உத்தரவையும் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி படியிறங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். அவர் எழுந்தார், ஜன்னலோர மேஜைமேல் குனிந்து மௌஸைத் தட்டினார். சட்டைப் பையில் பேனாவைச் செருகுவதற்குள் திரை கறுத்துவிட்டது. அவர் திகைத்துப்போய் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். சூளையையும் மெயின் சுவிட்சையும் அவள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்க வேண்டும், இவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூச்சுக்காரி சூளைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வேகமாக இறங்கி வந்து என் எதிரிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் இருங்க, இதை முடிச்சுடறேன் என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த லேப்டாப்புக்குள் தலையை விட்டேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். என் மேஜையில் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனாலும் மனசு நிம்மதியாக இருந்தது. எதிர் ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை, எனக்கு அது போதும்.

பிறகு அவர் முகம் சுண்டத் தொடங்கியது. வீட்டில் தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். என்னவென்று கேட்டால் வேலை என்று ஒரு வார்த்தை. அவளைப் பார்க்காத ஏக்கமோ என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் எரிந்தேன்.

ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் லேப் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேலே போனால், மேஜைமேல் இரண்டு நோயாளிகளுக்காகச் செய்த இரண்டு முழு வரிசைப் பற்கள். முதலாளி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், பூச்சுக்காரி சூளையோரம். இரண்டு வரிசையும் டாக்டரிடமிருந்து திரும்பி வந்துவிட்டன என்றார் முதலாளி. மாட்டிப் பார்த்தால் உயரம் அதிகம், நோயாளிகளால் வாயை மூடவே முடியவில்லையாம். உயரத்தை அன்றன்றைக்கே குறைத்துவிட்டேன் என்று இவர் அடித்துச் சொல்கிறார். எல்லாப் படங்களும் மெஷினுக்காகச் சேருகிற பொதுக் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால் குறைக்காத பழைய படம்தான் இருக்கிறது. மெஷின் அதைத்தான் கடைந்திருக்கிறது.

"மெஷின் கோளாறா, இல்ல இவர் மறந்துட்டாரா? நீதாம்மா பாத்துச் சொல்லணும்," என்றார் முதலாளி. "இவரை டிசைன் பிரிவுக்குத் தலைவரா போடறதா இருந்தேன். இப்ப யோசனையா இருக்கு."

தலைவரா? நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். பூச்சுக்காரியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதது பக்கத்து மேஜைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. 

பல்லைக் கடித்துக்கொண்டு இவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதன் உள் பதிவுகளைத் திறந்ததுமே விளங்கிவிட்டது. பல் வரைகிற புரோகிராம், மூடும்போதுதான் அன்றைய திருத்தங்களைப் பொதுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அணைய அவ்வளவு நேரம் ஆனது அதனால்தான். ஒற்றைப் பல் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. முழு வரிசை பெரிய சமாச்சாரம். பாதி வழியிலேயே நான் போட்ட உத்தரவு அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. பெரிய வேலை வந்த இரண்டு நாளும் அதே கதி.

 உண்மையைச் சொன்னால் ஏன் செய்தாய் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் இவருடைய பதவி போகும். பதிவுகளை மறுபடி மேலிருந்து கீழே உருட்டினேன்.

அப்போது பூச்சுக்காரி முன்னால் வந்தாள்.

"சார், இது என் தப்பா இருக்கும். மெயின் சுவிட்சை நான்தான் அணைக்கறேன். கம்ப்யூட்டர் நின்னுடுச்சான்னு பாக்காம அணைச்சிருப்பேன். இவர் மேல ஒண்ணும் இல்ல."

எனக்கு அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. இவர் தப்பித்தார், நானும் தப்பித்தேன். திட்டு வாங்கப் போகிறவள் எனக்கு ஆகாதவள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கி, நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற இவள் யார்? நாளை பின்னே இவர் தலைவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அவளைத்தானே நினைப்பார்?

"அவங்க ஒண்ணும் பண்ணல," என்று எழுந்தேன். "நான்தான் பண்ணேன். சீக்கிரம் அணையட்டும்னு செட்டிங்கை மாத்தினேன். அது வேலைய முடிக்கறதுக்கு முன்னாடியே அணைஞ்சிருக்கு."

"யாரு கேட்டா?" என்றார் முதலாளி.

யாரும் கேட்கவில்லை என்றேன். முதலாளி குரலை உயர்த்தவில்லை. மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டுப் போகச் சொன்னார், நாளை முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இவரிடம் திரும்பி, உங்கள்மேல் தப்பில்லை, பதவி உங்களுக்குத்தான் என்று கையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஒப்பந்தம் போனது எனக்கு உறைக்கவே இல்லை. பூச்சுக்காரி ஜன்னல் வழியாக என் கடையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கேலியாக ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் சிரிக்காமல் போய்ச் சூளைக் கதவைத் துடைக்கத் தொடங்கினாள்.

பழையபடி மாற்றிவிட்டு அணைத்தேன். கம்ப்யூட்டர் அதன் பாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருவரும் படியிறங்கித் தெருவைக் கடந்தோம். அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. கடை வாசலில் நான்தான் ஆரம்பித்தேன். செய்தது தப்புதான், ஆனால் என் கேள்வி எனக்கு.

"தலைவராகப் போற விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏன் சொல்லல?"

"முதலாளி கூப்பிட்டுப் பேசினதை அவ பாத்தா. என்னன்னு கேட்டா. சொன்னேன்."

"எங்கிட்ட?"

"உங்கிட்ட சொல்லத்தானே அன்னிக்கு அவ்வளவு வேகமா இறங்கி வந்தேன்," என்றார். கோபமே இல்லாத குரல். "ஒரு நிமிஷம்னு சொன்ன. உக்காந்திருந்தேன். மறுநாளும் அதான். அதுக்கடுத்த நாளும் அதான். அப்புறம் அந்தப் பல்லு திரும்பி வந்துடுச்சு."

நான் ஸ்டூலைப் பார்த்தேன். அந்த மூன்று சாயங்காலமும் அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. மாடியில் அவர் நின்றபோதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தவள், கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து உட்கார்ந்தபோது ஒருமுறைகூட நிமிரவில்லை.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.

"இப்ப சொல்ல என்ன இருக்கு? அதான் உனக்கே தெரிஞ்சுபோச்சே," என்றார்.