துணை விமானத்துக்கான விதி

ஜூலியன் தனக்கு நிச்சயமான பெண்ணை எங்கள் விளையாட்டுக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே அந்த விதியை எழுதிவிட்டேன். வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே?

கொலோனில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஞாயிறு மத்தியானங்களில் கூடுவோம். மேசை முழுக்கக் கட்டம் போட்ட துணி. அதன்மேல் விரல் நீள விமானங்கள், முதலாம் உலகப் போர்க் காலத்து இரட்டைச் சிறகுக்காரர்கள். என்னை முதன்முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனவனே ஜூலியன்தான். மூன்று வருடம் நான் அவனுடைய துணை விமானம். அவன் முன்னால் பறப்பான், நான் பின்னால் நின்று அவன் முதுகைக் காப்பேன். எதிரி என்னைச் சுற்றி வளைத்தால் அவன் தன்பாட்டில் பறந்துபோய் வெற்றியை எடுத்துக்கொள்வான். கேட்டால், "விளையாட்டுத்தானே" என்பான். நானும் சிரித்தேன், புத்தி கெட்ட விசரி.

போன வருடம், 2005இல், எங்கள் வீட்டில் எனக்கும் அவனுக்கும் கலியாணப் பேச்சு. அவனுடைய தாய் பேர்பெச்சுவா மாமி எல்லாருக்கும் முன்னால், "ஆம்பிளைப் பெடியளோட மேசையில குந்தியிருந்து விளையாடுற பிள்ளை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்றார். 'நான்தானம்மா கூட்டிக்கொண்டு போனேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குனிந்த தலை நிமிராமல் பற்றீஸ் தின்றுகொண்டிருந்தான். சம்பந்தம் குழம்பியது. அம்மா வெட்கத்தில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டார். அவன் கோழை, யாருக்காகவும் திரும்பிப் பார்க்காத பிறவி என்று நினைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது அதே மேசைக்கு அதே மாமியின் புது மருமகள் வருகிறாளாம். அவள் பெடியளோடு இருந்து விளையாடலாமாம்!

உண்மைக்குக் கிட்டவாக மேல்நிலை விதிகள் எழுதித் தரும்படி குழுத் தலைவர் க்ளாவுஸ் வெகுநாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இயந்திரவியல் படிக்கிறவள். சட்டென்று திரும்பினால் உயரம் குறையும், பறக்கப் பறக்கப் பெற்றோல் தீரும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் என் விதி: துணை விமானம் சுற்றி வளைக்கப்பட்டால், தலைவன் திரும்புகிறானா, போகிறானா என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மிஞ்சியிருக்கும் பெற்றோல் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும், இரண்டுக்கும் போதாது. க்ளாவுஸுக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை.

அந்த ஞாயிறு ஜூலியனுக்குத் துணை அந்த நிச்சயமான பெண், சுஜீவா. எதிரணி நானும் க்ளாவுஸும்.

"அக்கா, இது எப்பிடித் திருப்பிறது?" என்று சுஜீவா கேட்டாள். நல்ல பிள்ளை. அதுவும் எரிச்சலாக இருந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலியன் மேசையின் மறுகரையைத் தாண்டினால் அவர்களுக்கு வெற்றி, அவன் விழுந்தால் எங்களுக்கு. நான் அவனைத் தொடவே இல்லை. வெல்லட்டும். எனக்கு வேண்டியது அவன் வாயிலிருந்து வரப்போகும் 'போறன்' என்ற ஒரு சொல், அதை அவள் தன் காதால் கேட்கவேண்டும். இரண்டு விமானங்களாலும் சுஜீவாவை மறித்தோம். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"சொல்லும் ஜூலியன்," என்றேன். "போறீரோ, திரும்புறீரோ?"

கரைக்கு இரண்டே கட்டம். அவன் துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"திரும்புறன்."

"திரும்பினா பிறகு கரைக்குப் போகப் பெற்றோல் காணாது. விழுந்துபோவீர்."

"தெரியும். அவ தப்பட்டும்."

திரும்பினான். உயரம் இழந்து என் துப்பாக்கிக்கு நேரே வந்தான். தாயக்கட்டையை உருட்டினேன், ஆறு விழுந்தது. ஜூலியனின் விமானத்தை நானே என் கையால் எடுத்து மேசைக்கு வெளியே வைத்தேன். அந்த இடைவெளியில் சுஜீவா நழுவிப் போய்விட்டாள்.

"எவ்லின் வென்றாள்!" என்று க்ளாவுஸ் என்னைப் பார்த்துக் கைதட்டினார். அவர்கள் இருவரும் தோற்றதுபோலவே தெரியவில்லை, தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குத் திரும்பத் தெரியும். எனக்காக மட்டும்தான் அவன் ஒருநாளும் திரும்பவில்லை.