தடுக்காத பந்துகள்

எங்கள் ஊரில் அட்டாக் என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பன்றி இறங்கினால் பன்றி அட்டாக். பேப்பர் போடுகிறவரைத் தெருநாய் கடித்தால் நாய் அட்டாக். குளிரில் மூச்சு இழுத்தால் இழுப்பு அட்டாக். கல்யாண வீட்டில் இலை போட்டதும், "தொடங்கட்டும் அட்டாக்" என்று கையைத் தேய்ப்பார்கள். எங்கள் பாஸ்டர் வருஷம் தவறாமல் சாத்தானின் அட்டாக்கைப் பற்றி ஒரு பிரசங்கம் வைப்பார். இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறவர்களுக்கு, அதை உண்மையிலேயே சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ராஜையா என் வீட்டுக்காரர். உதியன்குளங்கரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஆனால் யாரைக் கேட்டாலும் வாலிபால் ராஜையா என்றால்தான் தெரியும். சாயங்காலம் சர்ச் மைதானத்தில் நெட் கட்டினால் அவர்தான் அட்டாக்கர். கிருஷ்ணன்குட்டி பந்தைத் தூக்கிக் கொடுப்பான், இவர் எழும்பி அடிப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே நான் அந்தப் பந்துக்கு இரண்டாம் தாரம்தான். அதற்காக நான் அழுததும் இல்லை.

போன ஓண சமயத்தில் கடையில் டின் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கேஸ் ஆக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும் கேஸ்தான், வாயுத் தொல்லைதான். இஞ்சியும் சோடாவும் குடித்துவிட்டு மறுபடி டின் தூக்கப் போனவரை நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டர் என்னிடமும் அவர் தம்பி விஜயதாசிடமும் சொன்னார்: வந்தது சின்ன அட்டாக், இப்போதைக்கு மருந்தில் நிற்கிறது, சீக்கிரம் ஆஞ்சியோ செய்து அடைப்பைப் பார்க்க வேண்டும், அதுவரை ஓடவோ குதிக்கவோ கூடாது, உயிருக்கே ஆபத்து.

"மைனி, அண்ணனுக்கிட்ட அந்த வார்த்தைய மட்டும் சொல்லாண்டாம்" என்றான் விஜயதாஸ்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுடைய மூத்த அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார், அட்டாக் என்று. விடிவதற்குள் ஆள் போய்விட்டார். அண்ணன் காலைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை, அண்ணனைக் கொன்றது நோய் இல்லை, அந்தச் சொல்தான் என்று. அவர் ஊதித் தள்ளிய பீடிக்கும் தின்ற போத்திறைச்சிக்கும் அதில் பங்கே கிடையாதாம்.

நான் சண்டை போட்டேன். கொழுந்தனும் நாத்தனார்களும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "நீ சொல்லி, அவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, பெறவு உனக்கு உறக்கம் வருமாட்டி?" என்று மூத்த நாத்தனார் கேட்டாள். அதோடு நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. இருதய மாத்திரை கேஸ் மாத்திரை ஆனது. டிவியில் நாய் கடித்த செய்தி வந்தால் விஜயதாஸ் பாய்ந்து சேனலை மாற்றுவான். சர்ச்சில் பாஸ்டர், "நம் சகோதரன் ராஜையாவின் வாயுத் தொல்லைக்காக ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்க முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தது. ஒரு மனிதனின் ஏப்பத்துக்காக அப்படி அழுத சபை உலகத்தில் வேறு இருக்காது. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நம்ம சபைக்கு எம்மேல எவ்வளவு பிரியம் பாத்தியாட்டி" என்று உருகினார்.

ஆனால் மைதானத்துக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வது? கேஸுக்கும் வாலிபாலுக்கும் என்ன சம்பந்தம்? கிருஷ்ணன்குட்டி ஒரு வழி கண்டுபிடித்தான். பந்தை நெட்டை ஒட்டித் தாழ்வாகக் கொடுப்பான், அவர் குதிக்காமலே அடித்துவிடலாம். எதிர்ப்பக்கம் தடுக்க நிற்கிற நெட்டைப் பையன் வினீத்திடம் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி வைத்தான். பின்னால் நிற்கிறவர்கள் பந்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவார்கள். "அட்டாக்" என்று கத்துவதை நிறுத்தி, "அடி அண்ணே அடி" என்று கத்தினார்கள். எல்லாம் அன்புதான். நான் அதைக் குறை சொல்லவில்லை.

மனுஷன் பூத்துவிட்டார். அடித்ததெல்லாம் பாயிண்ட். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று மணிக்கட்டைச் சுழற்றிப் பார்ப்பார். "வயசு கூடக்கூட கைக்கு பெலமும் கூடுது கேட்டியா விமலே. அந்த வினீத்துக்கு நான் அடிக்கது கண்ணுலயே படமாட்டேங்குது" என்பார். சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் என் மேலேயே வெறுப்பாகவும் இருக்கும். ஆஞ்சியோ அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. சொல்லாமல் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரியில் பனச்சமூட்டில் ஒரு கிளப்பின் ஆண்டு விழா, ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு மேட்ச். இவர் யாரையும் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு வந்தார். எதிர் டீம் களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள். நெட்டுக்கு மேலே கையைத் தூக்குகிறவர்கள், பந்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறவர்கள். இவரும் எழும்பாமல் இருக்கமாட்டார். எழும்பினால் என்ன ஆகும் என்பது டாக்டர் சொன்னதுதான்.

"அவங்களுக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சா என்ன மைனி?" என்றான் விஜயதாஸ்.

"விஜயதாசே, பூமியில உள்ள எல்லாருக்கிட்டயும் சொல்லியாச்சு. இனி அந்த மனுஷனுக்கிட்ட மட்டுந்தான் சொல்ல பாக்கி" என்றேன்.

மேட்ச் அன்று காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. விஜயதாஸ் முன்சீட்டிலிருந்து இறங்கினான், கிருஷ்ணன்குட்டி பையோடு கதவருகில் நின்றான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து புது ஷூவின் கயிற்றைக் கட்டினார். ஒரு காலைக் கட்டி முடித்ததும் நிறுத்தினார். நெற்றி வேர்த்திருந்தது. கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு, வராத ஏப்பத்தை வரவழைக்கப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இஞ்ச பாருங்க, நீங்க போகாண்டாம். இது கேஸ் இல்ல. ஓணத்துக்கு வந்தது அட்டாக் ஆக்கும். நெஞ்சுல இன்னும் அடைப்பு உண்டு. எழும்பிச் சாடி அடிச்சா நெஞ்சு நின்னு போவும்."

விஜயதாஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தான். அண்ணன் சாய்ந்துவிடுவார் என்று நினைத்தான் போல. அவர் சாயவில்லை. நாங்கள் மாதக்கணக்கில் மூடி வைத்த சொல் அவரை ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்" என்றேன்.

"பாஸ்டருக்கு?"

"தெரியும்."

அவர் பார்வை கிருஷ்ணன்குட்டியிடம் போனது. அவன் பையைக் கீழே வைத்தான். "வினீத்துக்கு?" என்று கேட்டார். கிருஷ்ணன்குட்டி தலையாட்டினான். மைதானத்துச் சாயங்காலங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது. சாவு பயத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது வெட்கம். ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை தலை குனிந்தார்.

"அப்போ அவன் கைய தூக்காம நின்னது…"

"அண்ணன் நல்லா இருக்கணும்னுதான் அண்ணே" என்றான் கிருஷ்ணன்குட்டி.

அவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "கிறிஸ்மஸுக்கு முந்தின சனியாழ்ச்சை ஒண்ணு அடிச்சேனே. அதுவுமா?"

"அது நெசமாக்கும் அண்ணே. கர்த்தர் மேல சத்தியம்" என்றான் கிருஷ்ணன்குட்டி. அவன் அம்பலத்தில் சாமி கும்பிடுகிறவன். அவசரத்தில் எங்கள் தெய்வத்தைப் பிடித்துவிட்டான். அதனாலேயே அது இன்னும் பொய்யாகக் கேட்டது.

ஆனால் அது நிஜம். நான் பார்த்தேன். கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி முடிந்து சர்ச் படியில் நின்றிருந்தேன். அன்று பந்து தப்பி உயரமாகப் போய்விட்டது, இவர் எழும்பிவிட்டார். வினீத்தும் சொல்லி வைத்ததை மறந்து எழும்பிவிட்டான், இரண்டு கையையும் தூக்கி, உண்மையாகத் தடுத்தான். பந்து அவன் விரலைத் தெறித்துக்கொண்டு போய்ப் பின்கோட்டில் விழுந்தது. விளையாட்டு முடிந்ததும் அந்தப் பையன் வீங்கிய விரலோடு என்னிடம் வந்து, "மறந்து சாடிட்டேன் ஆன்ட்டி, மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதே" என்று அழுதான்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். விரல் வீங்கியதைக்கூடச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர்களைப் பார்த்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"சாரமில்ல, விடு" என்றார்.

வேன் பனச்சமூட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனது. அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நாத்தனார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார், கடையைப் பார்த்துக்கொள்கிறார். மைதானத்துப் பக்கம் போவதில்லை.

வினீத் ஒரு நாள் வீட்டுக்கே வந்தான். இன்னும் முழுதாக மடங்காத அந்த விரலை நீட்டிக் காட்டினான். அவர் அதைப் பிடித்துப் பார்த்து, "நல்ல பயலாக்கும் நீ மக்கா" என்று தலையைத் தடவிக் கொடுத்துச் சாயா குடிக்க வைத்து அனுப்பினார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போன பிறகு, "இதையும் நீதான் சொல்லி அனுப்பினியா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார்.

அந்த ஒரு பந்து உண்மை. அவர் வாழ்க்கையில் அடித்ததிலேயே நல்ல அடி அதுதான். அதைச் சொன்னால் அவர் நம்புகிற ஒரு ஆள் எங்கள் ஊரில் மிச்சமில்லை. நானும் இல்லை.